கைய நீட்டாத

கபடியில் எனக்குப் பாட்டு நன்றாக வரும். மூச்சு நிற்கும். இடுப்பு வளையும். நடுக்கோட்டைத் தாண்டி எதிராளி களத்துக்குள்ள பூந்து, மூலையில நிக்கறவனுக்குப் போக்குக் காட்டி, போனஸ் கோட்டை மிதிச்சிட்டுத் திரும்பறது வரைக்கும் எல்லாம் சரியா நடக்கும். கை மட்டும் போகாது.

ஊனம் ஒன்றும் இல்லை. எங்க காலனி மேட்டுல ஆடும்போது இதே கைதான் ஒரே மூச்சுல மூணு பேரைத் தொட்டுட்டு வரும். பள்ளிக்கூட மைதானத்தில், எதிரில் ஊர்ப் பையன்கள் நின்றால் போதும், முழங்கைக்குக் கீழ யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி நின்னுடும். தொடுகிற தூரத்தில்தான் அவன் இருப்பான். அவன் தோள்பட்டையில் வழிகிற வேர்வை எனக்குத் தெரியும். கை நெஞ்சோட ஒட்டிக்கும். முப்பது விநாடி ஓடிப்போய் வெறுங்கையோட திரும்புவேன். இல்லையென்றால் நாலு பேராக விழுந்து என்னை அமுக்கிவிடுவார்கள். அவர்கள் என்னைத் தொடுவதில் எந்தத் தடையும் இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் என் தொடையைக் கட்டிப் பிடித்தார்கள். நான் ஒருத்தனாகப் போய், நானாகக் கையை நீட்டி அவர்களைத் தொடுவது, அதுதான் முடியவில்லை.

இது 2005இல். கடலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. நான் பத்தாம் வகுப்பு. பயிற்சிக்கு ரெண்டு கட்சியாகப் பிரிவோம். பிரித்துவிட்டவர் யாரும் இல்லை, தானாகவே அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் ஆகிவிடும்.

"கைய நீட்றா! நீட்டு கைய!" என்று பி.டி. சார் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார். அவர் கத்தக் கத்த என் கை இன்னும் உள்ளே போகும்.

அவர் கெட்ட மனுசன் இல்லை. ஒரு நாள் எல்லாரையும் உட்கார வைத்து, "இவனுக்கு உடம்புல எந்தக் குறையும் கெடையாது. மென்டல் பிளாக். மனசுல தடை" என்று சொன்னார். பசங்களுக்கு முதல் சொல் மட்டும்தான் பிடிபட்டது. அந்த வருஷம் பூரா எனக்கு 'மென்டலு' என்று பேர் ஓடியது. பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு வாத்தியார் அதுக்கு விளக்கம் கொடுத்தார்: "இவனுங்களுக்கு உடம்புல வலு இருக்கும் சார். டென்ஷனத் தாங்கற மனசு இருக்காது. அதெல்லாம் பரம்பரையா வரணும்." இருபது வருஷம் ஆகிவிட்டது, அந்தக் குரலின் ஏற்ற இறக்கம்கூட எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு நான் அதை நம்பினேன். அதைத்தான் இங்கே சொல்லியாக வேண்டும். நம்பினேன்.

சரி, தடை எங்கேயிருந்து வந்தது?

எனக்கு எட்டு வயசு. களை எடுத்த கூலி பாக்கியை வாங்க அம்மா ஊர்த்தெருவுக்குப் போச்சு. பின்னாலேயே நானும் ஓடினேன். அந்த வீட்டு வாசலில் நிற்கணும். நின்றோம். குழாயடியில் ஒரு எவர்சில்வர் குடம், தண்ணி ரொம்பி, வெயில் பட்டு மின்னிக்கிட்டு இருந்துச்சு. அதில் என் மூஞ்சி கோணலாத் தெரிஞ்சுது. கையை நீட்டித் தொட்டுவிட்டேன். குடத்தின் வயிற்றை. அவ்வளவுதான்.

அந்த வீட்டம்மா கத்தவில்லை. குடத்தைத் தூக்கி அத்தனை தண்ணியையும் தெருவில் ஊற்றிவிட்டு, விளக்குவதற்கு உள்ளே எடுத்துப் போனாங்க. தண்ணி எங்க காலை நனைச்சுக்கிட்டு ஓடிச்சு. என்னை அடிச்சது எங்க அம்மா. மணிக்கட்டைப் பிடித்து, கீழே கிடந்த விளாரை எடுத்து, புறங்கையில் நாலு அடி. "கைய நீட்டாத! எங்க போனாலும் கைய நீட்டாத! நீட்டமாட்டேன்னு சொல்லு!" அவங்க பாக்கற மாதிரி அடிச்சுது. நான் சொன்னேன். கூலி அன்னிக்குக் கிடைக்கல.

களத்தில் நிற்கும்போது நான் இந்தக் குடத்தை நினைத்தது கிடையாது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது. குடம்தான் காரணம் என்று இப்போதும் அடித்துச் சொல்லமாட்டேன். ஒரு சேரிப் பிள்ளைக்கு ஒரு குடமா இருக்கும்? டீக்கடை கிளாஸ், கோயில் படி, வகுப்பில் பக்கத்துப் பையனின் சோத்து டப்பா என்று எத்தனையோ. ஆனால் அடி விழுந்தது கையில். நின்றுபோனதும் கைதான்.

கால் நிற்கவில்லை. இதை நானே தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். அந்த வருஷ மண்டலப் போட்டியில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு ஆட்டம். கை வழக்கம்போல் மக்கர் பண்ணியது. தப்பித்துத் திரும்பும்போது கால் கட்டைவிரல் ஒருத்தன் முட்டியில் பட்டது. பாயிண்ட். எனக்கு உடம்பெல்லாம் ஒரு வெளிச்சம். காலை யாரும் அடித்ததில்லையே! அப்புறம் காலாலேயே ஆடினேன். நீட்டித் தொட்டேன், பின்பக்கம் உதைத்துத் தொட்டேன். கடைசியில் ஒரு உதை ஒருத்தன் நெஞ்சில் பட்டது. நடுவர் பாயிண்ட் கொடுத்தார். ரெண்டு பாயிண்டில் ஜெயித்தோம்.

பெர்ன்ஹார்ட் லாங்கர் என்று ஜெர்மன்காரர் ஒருத்தர், கோல்ஃப் ஆட்டக்காரர். குழிக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டுகிற நேரத்தில் கை வெட்டி இழுத்துக்கொள்கிற கோளாறு அவருக்குத் திரும்பத் திரும்ப வந்தது. கோல்ஃப்காரர்கள் அதை 'யிப்ஸ்' என்கிறார்கள். அவர் மட்டையைப் பிடிக்கிற விதத்தையே மாற்றினார், மறுபடியும் வந்தது, மறுபடியும் மாற்றினார். 1985இலும் 1993இலும் மாஸ்டர்ஸ் பட்டத்தை ஜெயித்தார். பழகிய பாதை அடைபட்டால் வேறு பாதையில் போ என்பதுதான் அவர் கண்ட வழி. நானும் அதைத்தான் செய்தேன். அவருக்குக் கோப்பை கிடைத்தது. எனக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஆறு பேர் கிடைத்தார்கள்.

"எந்தக் கால்றா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். வலது காலைக் காட்டவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். செருப்புக் காலோடு கணுக்கால்மேல் ஏறி நின்றார்கள்.

கலாட்டா வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்கு என் பெயரை எடுத்துவிட்டது பள்ளிக்கூடம். பி.டி. சார் எலும்புக் கட்டுப் போட ஐம்பது ரூபாய் கொடுத்தார். மூஞ்சைப் பார்த்துக் கொடுக்கவில்லை. அதற்குப்பிறகு மூணு வருஷம் நான் கபடிக் களத்தின் கோட்டைக்கூட மிதிக்கவில்லை.

கல்லூரிக்கு டவுனுக்குப் போனேன், 2008இல். ஆதிதிராவிடர் மாணவர் விடுதியில் இடம். அங்கே எம்.ஏ. படிக்கிற அண்ணன் ஒருத்தர் இருந்தார், கல்லூரி டீமில் பாடிப் போகிறவர். ஒரு நாள் என்னை இழுத்து ஆடவிட்டுப் பார்த்தார். விடுதிப் பையன்களோடு நன்றாக ஆடினேன். வெளியாள்களோடு ஆடினப்போ கை நின்றதையும் பார்த்தார். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. அதுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

"நீ உன் கையப் பாக்கற. கையப் பாக்காத. பாட்டக் கேளு" என்றார். கபடி கபடி என்று சொல்கிறோமே, அதில் ஒவ்வொரு 'டி'யும் என் காதில் விழவேண்டுமாம். விழாமல் போனால் திரும்பி வந்துவிடு என்றார். அடுத்தது கண். "எதிராளி மூஞ்சியப் பாக்காத. முட்டியப் பாரு. மூஞ்சியப் பாத்தா அவன் யாருன்னு தெரிஞ்சுடும். முட்டிக்கு இன்னாடா சாதி?" மூணாவது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மொட்டைமாடியில் நாற்பது பேரை வரிசையாக நிறுத்துவார். யாரும் பிடிக்கக்கூடாது. நான் பாடிக்கொண்டே போய் ஒவ்வொருத்தன் தோளையும் தொட்டுவிட்டு வரவேண்டும். பையன்கள் சிரிப்பாங்க, கிச்சுக்கிச்சு மூட்டுவாங்க, ஒருத்தன் என் விரலையே கடிச்சான். ரெண்டு வாரம் இதே வேலை. அப்புறம் மெதுவாகப் பிடிக்கச் சொன்னார். மூணாவது வாரம் கல்லூரி டீமிலிருந்து ரெண்டு பேரைக் கூட்டிவந்து அதே வரிசையில் நிறுத்தினார். அவங்க யாருன்னு எனக்குத் தெரியும். நான் யாருன்னு அவங்களுக்கும் தெரியும். முதல் நாள் கை நின்றது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அதில் ஒருத்தன் சலித்துப்போய், "தொட்றா, தூக்கம் வருது" என்று தோளைச் சாய்த்துக் காட்டினான்.

தொட்டேன். ஒண்ணும் ஆகவில்லை. தண்ணியை யாரும் தெருவில் ஊற்றவில்லை.

முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். மூணு வருஷம் கல்லூரிக்கு ஆடினேன். பத்து ஆட்டத்தில் ஒன்றில் அது வந்து நிற்கும். வந்தால் முட்டியைப் பார்ப்பேன், பாட்டைக் கேட்பேன். சில நேரம் போகும். சில நேரம் வெறுங்கையோட திரும்புவேன். திரும்பி வந்தால் விடுதிப் பையன்கள் முதுகில் தட்டி, "அடுத்தது" என்பார்கள். யாரும் 'மென்டலு' என்று சொல்லவில்லை.

அந்த அண்ணன் உளவியல் எதுவும் படித்தவர் இல்லை. வரலாறு படித்தார். அவர் செய்த ஒவ்வொன்றையும் உளவியல்காரர்கள் புத்தகம் போட்டு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கவனத்தை உறுப்பிலிருந்து வெளியே எடுத்து வேறொன்றில் வைப்பது, பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பழகுவது, ஒவ்வொரு முறையும் ஒரே சடங்காக ஆரம்பிப்பது. அவர்கள் சொல்கிற காரணமும் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. நன்றாகப் பழகிய வேலையை உடம்பு தானாகச் செய்கிறது. எங்க அம்மா தலையில் ஒண்ணு, இடுப்பில் ஒண்ணு என்று ரெண்டு குடம் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கும். கழுத்தை எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டு, அதை யோசிக்க வைத்தால் தண்ணி சிந்தும். யாரோ நம்மை அளக்கிறார்கள் என்று தெரியும்போது மனசு பதறிப்போய், தானாக நடக்கிற வேலையில் உள்ளே புகுந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. பிரித்ததும் அது ஓடாது.

2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸுக்கு நடந்ததை நிறையப் பேர் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். உலகத்திலேயே பெரிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. கறுப்பினப் பெண். காற்றில் எழும்பி ரெண்டரைச் சுற்று சுற்ற வேண்டியவர் ஒன்றரைச் சுற்றில் இறங்கிவிட்டார். காற்றில் இருக்கும்போது தரை எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரியாமல் போய்விடுகிற நிலை அது. தலைகீழாக விழுந்தால் கழுத்து முறியும். அணிப் போட்டியிலிருந்து விலகினார். அதற்கடுத்த பல போட்டிகளிலிருந்தும் விலகினார். கோழை என்று எழுதினார்கள், நாட்டைக் கைவிட்டாள் என்றார்கள். ஆகஸ்ட் 3ஆம் தேதி ஒரே ஒரு போட்டிக்குத் திரும்பி வந்தார், சமநிலைக் கட்டையில். முடிவில் குதித்து இறங்கும்போது வழக்கமாகப் போடுகிற முறுக்கை எடுத்துவிட்டு, முறுக்கில்லாத குட்டிக்கரணம் போட்டு இறங்கினார். வெண்கலம். என் காலைப்போல அவருக்கும் ஒரு மாற்றுப் பாதை. 2024இல் பாரிசில் மூணு தங்கம், ஒரு வெள்ளி.

இந்தக் கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அதே 2021 செப்டம்பரில் அந்தப் பெண் அமெரிக்க செனட் குழு முன்னால் உட்கார்ந்து, தன்னைப் போன்ற பெண்களைச் சீரழித்த அணி மருத்துவனை மட்டுமில்லை, அவனை விட்டுவைத்த அமைப்பு முழுவதையும் குற்றம் சாட்டினார். தன் தலைக்குள் மட்டும் கோளாறு இருப்பதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

என் சண்டை இங்கேதான். மனத்தடை என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. தடை நிஜம், என் முழங்கை சாட்சி. அது உன் மனசில் இருக்கிறது, ஆகவே உன் கோளாறு, நீயே சரிபண்ணிக்கொள் என்கிறார்களே, அதோடுதான் சண்டை.

உலக வங்கிக்காக கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ரெண்டு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை செய்து 2004இல் வெளியிட்டார்கள். ஆறாவது, ஏழாவது படிக்கிற பையன்கள். தாளில் வழிகண்டுபிடிக்கிற புதிர்கள் கொடுத்தார்கள். சரியாகப் போட்டால் காசு. சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது உயர்சாதிப் பையன்களுக்கும் தலித் பையன்களுக்கும் வித்தியாசம் இல்லை. இன்னொரு தடவை, எல்லாரும் கூடியிருக்கையில் ஒவ்வொரு பையனின் பேர், ஊர், அப்பன் பேர், தாத்தன் பேர், சாதி என்று சத்தமாக வாசித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தார்கள். தலித் பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை விழுந்துவிட்டது. அதே மூளை, அதே தாள், அதே பென்சில். வாசித்தது மட்டும்தான் புதிது. 'பரம்பரையா வரணும்' என்று அந்த வாத்தியார் சொன்னாரே, அவரும் களத்தில் எனக்கு வாசித்துத்தான் காட்டினார்.

பல்வங்கர் பாலு பற்றி நம் தோழர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். சமார் சமூகத்தில் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்துக்குப் போய் 114 விக்கெட் எடுத்தவர். புனாவில் அவர் இந்து அணிக்கு ஆடினபோது பிராமண ஆட்டக்காரர்கள் அவர் போட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண்கோப்பையில். (1937 தேர்தலில் அவர் அண்ணலை எதிர்த்து நின்று தோற்றது நமக்குக் கசப்பான தனிக்கதை.) பாலுவை நினைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். கிரிக்கெட்டில் ரெண்டு உடம்புக்கு நடுவில் ஒரு பந்து இருக்கிறது. தீட்டுக்குப் பயந்தவனும் பந்தைச் சாக்கு வைத்து ஆடிவிடலாம். கபடியில் பந்து கிடையாது. தோல்தான். தொட்டால்தான் பாயிண்ட். தொடாதே என்று பிறந்ததிலிருந்து பழக்கப்பட்ட உடம்பை, தொட்டுவிட்டு ஓடிவா என்று அனுப்புகிற விளையாட்டு. எங்கள் காலனிகளில் இந்த விளையாட்டின்மீது இத்தனை வெறி இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வந்தனா கட்டாரியா கதை நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார், ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். ஆகஸ்ட் 4இல் அரையிறுதியில் இந்தியா தோற்றது. ஹரித்வார் பக்கம் அவர் வீட்டு வாசலில் ஆதிக்க சாதிக்காரர்கள் வெடி வெடித்து ஆடினார்கள், டீமில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோல்வி என்று ஏசினார்கள். ரெண்டு நாள் கழித்து வெண்கலத்துக்கான ஆட்டம். அந்தப் பெண் இறங்கி ஆடினார். ஒரு கோலும் அடித்தார். இந்தியா 3-4 என்று தோற்றது. அந்த ரெண்டு ராத்திரியை அவர் எப்படிக் கழித்திருப்பார்? எந்த விளையாட்டு உளவியல் புத்தகத்தில் வாசலில் வெடி வெடிப்பதற்குப் பயிற்சி எழுதியிருக்கிறது?

பயத்தை விடு என்கிறார்கள். எதை விடுவது? 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பதினொன்றாவது படிக்கிற ஒரு தலித் பையனை, பரீட்சைக்குப் போகிற வழியில் பஸ்ஸை மறித்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். செய்தியைப் படித்துவிட்டு அன்று பூரா என் வலது கையை நான் மடித்தே வைத்திருந்தேன். பயம் என்பது எங்களுக்குச் சில நேரம் சரியான தகவல்.

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு தப்பு செய்தேன்.

எங்கள் காலனியில் சாயங்காலப் பாடசாலை நடத்துகிறோம். பாடம் முடிந்ததும் கபடி. பெண்பிள்ளைகள் டீம் ஒன்று இருக்கிறது. அதில் பதினொன்றாவது படிக்கிற ஒரு பெண், அவள் காலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அத்தனை வேகம். பயிற்சியில் யாராலும் அவளைப் பிடிக்க முடியாது. 2024இல் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்ததும் அவளுக்குப் பாட்டு அறுந்தது. நடுக்கோட்டைத் தாண்டி ரெண்டு அடி வைப்பாள், 'கப' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றுவிடும். பாட்டு அறுந்தால் அவுட்.

எனக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் தெரிந்த நோயாச்சே! முட்டியைப் பார், பாட்டைக் கேள், வரிசையில் தொடு என்று என் மருந்தையெல்லாம் அவளுக்கு ஊற்றினேன். பயிற்சியில் பிரமாதம். போட்டியில் மறுபடியும் அறுந்தது. மூணாவது தடவை தோற்றுத் திரும்பும்போது, "தைரியமா இரும்மா. எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று சொன்னேன். சொல்லிமுடிக்கும்போதே பி.டி. சார் குரல் என் வாயிலிருந்து வருவது எனக்குக் கேட்டது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணா, நீங்க மூஞ்சியப் பாக்காதன்றீங்க. நான் எங்க மூஞ்சியப் பாக்கறேன்? நான் போனப் பாக்கறேன்" என்றாள்.

முதல் வெளியூர்ப் போட்டியில் கோட்டோரமாக நின்ற பையன்கள் அவள் ஆடியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். அரைக்கால் சட்டை ஏறுகிற இடத்தை மெதுவாக ஓடவிட்டு, அவர்கள் சாதிப் பெருமைப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, கீழே எங்கள் காலனிப் பேரையும் போட்டு அனுப்பிவிட்டார்கள். அது அவள் அண்ணன் போனுக்கு வந்தது. அவன் விளையாட்டை நிறுத்தச் சொன்னான். அம்மாதான் தடுத்திருக்கிறாள். அப்போதிருந்து எவனாவது போனைத் தூக்கினால் இவளுக்கு மூச்சு அடைக்கிறது. எட்டு மாசம் நான் அவளுக்கு அண்ணன், வாத்தியார், தோழர் என்று எல்லாமாகவும் இருந்தேன். ஒரு தடவைகூட என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பது மரியாதை என்று விடுதி அண்ணனிடம் கற்றதைப் பெண்பிள்ளை விஷயத்தில் அப்படியே வைத்துக்கொண்டது என் மடத்தனம்.

"இப்ப இன்னா பண்ணலாம்?" என்று அவளையே கேட்டேன்.

"எங்கம்மாங்க வரட்டும்" என்றாள்.

2025 பொங்கல் போட்டிக்கு டாட்டா ஏஸ் வண்டியில் பதினாலு பொம்பளைங்க வந்தாங்க. நூறு நாள் வேலைக்குப் போட்டுக்கற பழைய சட்டையைச் சேலைக்கு மேல போட்டபடியே ரெண்டு பேர். எங்க அம்மாவும் வந்துச்சு. பையன்கள் நிற்கிற அந்தக் கோட்டோரமாகப் போய், கயிறு ஓரமாக வரிசையாக நின்னுக்கிட்டாங்க. "மறைக்காதீங்க" என்று பின்னாலிருந்து சத்தம். "எங்க புள்ளைய நாங்க பாக்கறோம். ஒனக்கு இன்னா?" என்றது ஒரு பெரியம்மா. விழாக்குழு ஆள் ஓடிவந்து, இது ஆம்பளைங்க நிற்கிற பக்கம் என்றான். பெரியம்மா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மத்தவங்க அசையவில்லை. மைக்கில் ரெண்டு முறை கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். பொம்பளைங்க வரிசைக்கு மேல ஒரு போன் எட்டிப் பார்த்தது. எங்க அம்மா முந்தானையை விரிச்சுப் பிடிச்சுது.

முதல் தடவை அவள் பாடிப் போனபோது பாட்டு அறுந்தது. எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. ரெண்டாவது தடவை போனாள். அறுந்துவிடும் அறுந்துவிடும் என்று பார்க்கிறேன், குரல் நடுங்குகிறது, நிற்கவில்லை. பின்னாலிருந்து அந்தப் பதினாலு பேரும் கூடவே 'கபடி கபடி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். விதியில் அதற்கு இடம் உண்டா என்று நடுவருக்கே சந்தேகம், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருத்தியைத் தொட்டுவிட்டு ஓடிவந்தாள். ரெண்டாம் பாதியில் இன்னும் மூணு பாயிண்ட். நாலு பாயிண்டில் தோற்றோம்.

திரும்பும்போது வண்டியில் எங்க அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இருட்டு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. திடீர்னு, "அன்னிக்கு ஒன்ன அடிச்சன் இல்ல, அந்தக் கொடத்தத் தொட்டதுக்கு" என்றது. நான் அதைப்பற்றி அம்மாவிடம் ஒரு நாளும் பேசினதில்லை. மறந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஆமா" என்றேன்.

"நான் அடிச்சா நாலு அடி. அவங்க ஊட்டு ஆம்பள வந்து அடிச்சான்னா கணக்கு இருக்காது. அதான்."

"தெரியும்மா."

"இன்னா தெரியும் ஒனக்கு" என்றது. என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. வண்டி குலுங்கினதில் அதை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தது. முன்னால் அந்தப் பெண், அடுத்த மாசம் மாவட்டத் தேர்வுக்கு எத்தனை மணி பஸ் என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போன் வச்சிருந்த பசங்க அங்கயும் வருவானுங்களா?" என்று அம்மா கேட்டது.

"வருவானுங்க."

"அப்ப அன்னிக்கும் வேலைக்கு வரலன்னு சொல்லிடறேன்."